‘சுமார்’ என்று எழுத இடம் இருக்கிறதா?

வாழ்க்கையைக் காலக்கோடாகப் போட்டு வைக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று யாராவது கேட்டால், நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். அதில் ‘சுமார் 1974’ என்று எழுத முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நமக்கு உதவாது. கலர், அனிமேஷன், படம் பெரிதாக விரிவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இதில் இறங்கினேன். இடமாற்றல் உத்தியோகம். எந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தோம், எந்த வீட்டில் இருக்கும்போது மகளுக்கு அம்மை போட்டது என்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மகள் வெளிநாட்டுக்கு ஒரு விண்ணப்பம் போட்டாள். இருந்த முகவரிகளையெல்லாம் மாதம், வருஷத்தோடு கேட்டிருந்தார்கள். சரி, கையோடு மொத்தத்தையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, நாம மன்னார்குடி வீட்டுக்கு எப்ப குடி போனோம்?”

“புயலடிச்சுதே, அதுக்கு மறு வருஷம்டா. சித்திரையோ வைகாசியோ. ஒனக்கு அப்ப கையில மாவுக்கட்டு போட்டிருந்துச்சு. பால் காய்ச்சறப்ப ஒத்தக் கையால தட்டை வாங்கினியே.”

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தேதி என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதைவிட நல்ல தகவல் கிடைக்காது. அம்மா வயது டெல்டாக்காரர்களுக்குப் ‘புயல்’ என்றால் 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறியதுதான். மறு வருஷம் என்றால் 1978. சித்திரையோ வைகாசியோ என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள். என் கை எப்போது உடைந்தது என்று தெரிந்தால் இன்னும் நெருக்கிவிடலாம். ஆக, இரண்டு மாத இடைவெளிக்குள் நிச்சயமாக நடந்த ஒரு நிகழ்ச்சி.

இதை எடுத்துக்கொண்டு போய் ஒரு செயலியில் போடப் பாருங்கள். நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றையும் நிரப்பாமல் ‘சேமி’ பொத்தான் உயிர் பெறாது. வேறு வழியில்லாமல் எல்லாரும் செய்வது 1-1-1978. தெரியாத ஒவ்வொன்றுக்கும் அப்படியே போட்டுக்கொண்டு போனால், வாழ்க்கையில் பாதி சம்பவம் ஜனவரி ஒன்றாம் தேதி நடந்ததாக ஆகிவிடும். பத்து வருஷம் கழித்துப் பார்க்கும்போது எது நிஜமான ஜனவரி ஒன்று, எது இட்டுக்கட்டியது என்று நமக்கே தெரியாது. நம் ஊரில் இது பழைய பழக்கம்தான். ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதிதானே பிறந்த தேதி? ஜூன் மாதத்தில் அத்தனை பேர் எப்படிப் பிறந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

ஜோசப் பிரீஸ்ட்லி என்றால் ஆக்ஸிஜன் நினைவுக்கு வரும். அவர் அதற்கு முன்பே, 1765-இல், வரலாற்று மனிதர்களின் வாழ்நாட்களை ஒரே தாளில் கோடுகளாகப் போட்டு வெளியிட்டார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர். ஒருவருக்கு ஒரு கோடு. கோட்டின் நீளம் அவர் வாழ்ந்த காலம். பிறப்போ இறப்போ நிச்சயமில்லாத இடத்தில் கோட்டை முழுதாக இழுக்காமல் புள்ளி வைத்தார். அவ்வளவுதான், விஷயம் தீர்ந்தது. 250 வருஷத்துக்கு முன்னால் காகிதத்தில் செய்த காரியத்தை இன்றைக்குக் காசு வாங்கும் பல சாஃப்ட்வேர்கள் செய்வதில்லை.

செய்கிறவையும் இருக்கின்றன. வம்சாவளி சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் முதலில் புரிந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை. கொள்ளுத்தாத்தா என்று வந்தாலே எல்லாம் சுமார்தான். 1984-இல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபை, முன்னோர் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள ஜெட்காம் என்று ஒரு கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் தேதிக்கு முன்னால் ‘சுமார்’, ‘அதற்கு முன்’, ‘அதற்குப் பின்’, ‘இதற்கும் அதற்கும் இடையில்’ என்று குறிக்க வசதி இருக்கிறது. கிராம்ப்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரும் இதையெல்லாம் ஏற்கும். கூடுதலாக ‘மதிப்பீடு’, ‘கணக்குப் போட்டுக் கண்டது’ என்று தேதியின் தரத்தையும் குறிக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆதாரம் எது என்று இணைக்கலாம். நான் பார்த்தவற்றில் நேர்மையானது இதுதான். ஆனால் ஒன்று: கிராம்ப்ஸ் மனிதர்களையும் உறவுகளையும் மையமாக வைத்துக் கட்டப்பட்டது. வீடு மாறியது, வேலை மாறியது, ஸ்கூட்டர் வாங்கியது போன்றவற்றைப் போடலாம், போட்டேன்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாலு சன்னல் திறந்து மூட வேண்டியிருக்கிறது. பொறுமை உள்ளவர்களுக்குச் சரி.

நூலகக்காரர்களும் இதற்கு ஒரு எழுத்துமுறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முன்னெடுத்து, 2019-இல் சர்வதேசத் தேதித் தரத்தின் இரண்டாம் பாகத்தில் சேர்ந்தது. 1974~ என்று எழுதினால் சுமார் 1974. 1974? என்றால் சந்தேகம். 197 போட்டு கடைசி இலக்கத்துக்கு எக்ஸ் எழுதினால் எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம். இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும்; ஒரு நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதலாம். பருவங்களுக்கும் எண் உண்டு: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். ஐப்பசி அடைமழைக்கு எண் இல்லை. நாமே ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எக்ஸெல் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆனால் அதன் குணம் தெரிந்து பழக வேண்டும். அதற்கு உலகம் 1900 ஜனவரி ஒன்றில்தான் தொடங்குகிறது. 1898-இல் பிறந்த தாத்தாவின் தேதியைப் போட்டால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாக இடதுபக்கம் ஒதுக்கிவிடும். இன்னொரு வேடிக்கை, 1900-இல் இல்லவே இல்லாத பிப்ரவரி 29 எக்ஸெலில் இருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய சாஃப்ட்வேரில் இருந்த கணக்குப் பிசகு. அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே தன்னுடையதிலும் வைத்துக்கொண்டது. இதற்குத் தீர்வு சுலபம். தேதிக்கு ஒரே கட்டம் வைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. தெரியாததைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டமும் ஒரு தகவல்தான்.

இந்த மூன்று கட்ட முறையை அப்படியே எடுத்துக்கொள்வது டைம்லைன்ஜேஎஸ். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்தது, இலவசம், பத்திரிகைகள் நிறையப் பயன்படுத்துகின்றன. கூகுள் ஷீட்டில் எழுதினால் அது அழகான காலக்கோடாகத் திரையில் வரும். வருஷம் மட்டும் இருந்தாலே போதும். மாதமும் நாளும் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாது. இன்னொரு கட்டத்தில் தேதியாக எது தெரிய வேண்டுமோ அதை நம் வார்த்தையிலேயே எழுதலாம். ‘புயலுக்கு மறு வருஷம், சித்திரை வாக்கில்’ என்று போட்டேன். அப்படியே வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அதைத் திரையில் பார்த்தபோது இந்த ஆட்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

இரண்டு கவனம் வேண்டும். முதலாவது, இருபது பக்கத்துக்கு மேல் போகாதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். அறுபது வயதுக்காரனுக்கு இருபது சம்பவமா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு எந்த இருபது என்று பொறுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அது தனி வேலை, அதுவே பெரிய வேலை. பிரமோஷன் எல்லாம் முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது. இரண்டாவது, அந்த ஷீட்டை ‘இணையத்தில் வெளியிடு’ என்று கொடுத்தால்தான் அது வேலை செய்யும். இணைப்பு கையில் கிடைத்த யாரும் படிக்கலாம். கல்யாண நாள், முன்பு இருந்த வீடுகள், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்று போட்டு வைத்திருப்போம். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கணக்குக்காரர் இவர்தானா என்று பார்க்கக் கேட்கும் கேள்விகள் இவையேதான். குடும்பத்துக்கு வெளியே போகக்கூடாதது எதையும் அதில் வைக்க வேண்டாம்.

காசு கொடுத்து வாங்குவதில் ஏயான் டைம்லைன் நாவலாசிரியர்களுக்காகச் செய்தது. கதாபாத்திரங்களுக்குப் பதில் நம் வீட்டு ஆட்களைப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் யாருக்கு என்ன வயது என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். அக்கா பிறந்தபோது அம்மாவுக்கு வயது பத்தொன்பது என்று கண்ணெதிரே வந்து நின்றால் சும்மா கடந்து போக முடியவில்லை. இந்த ஒரு வசதிக்காகவே விலை கொடுக்கலாமா என்றால், வேண்டாம். ஷீட்டில் ஒரு கழித்தல் போட்டால் அதே எண் வந்துவிடும்.

ஃபேஸ்புக்கும் 2011-இல் காலக்கோடு என்று ஒன்றைக் கொண்டுவந்து, பிறந்த நாள் முதல் எல்லாவற்றையும் அதில் போடச் சொன்னது. நம்மில் பலருடைய வாழ்க்கை அங்கே நாற்பது வயதில்தான் தொடங்குகிறது, அதுவும் ஒரு காலை வணக்கத்தோடு. கூகுள் மேப்ஸ் நாம் போன இடங்களையெல்லாம் தானாகவே குறித்து வந்தது. 2024-இல் அதை இணையத்திலிருந்து எடுத்து அவரவர் போனுக்குள் மாற்றியது. கெடுவுக்குள் மாற்றிக்கொள்ளாவிட்டால் பழைய பதிவுகள் அழியலாம் என்று அறிவித்தது. ஆர்குட்டில் எழுதினவற்றை யாராவது எடுத்து வைத்தீர்களா? 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி அது மூடப்பட்டது.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஏதாவது ஒரு மூலையில் சிஎஸ்வி-யாக, அதாவது எந்த சாஃப்ட்வேரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக, சேமிக்கும் வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லை என்றால் அதைத் திறந்த கையோடு மூடிவிடலாம். சிஎஸ்வி எடுத்த பிறகும் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். யூனிகோட் என்று சொல்லித் திறக்காவிட்டால் எக்ஸெலில் தமிழ் முழுக்கப் பூச்சி பூச்சியாக வரும். பயப்பட வேண்டாம், கோப்பு கெட்டிருக்காது, திறந்த விதம்தான் தவறு. நிஜமாகக் கெட்டது எது தெரியுமா? தொண்ணூறுகளில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதி ஃபிளாப்பியில் வைத்தவை. அன்றைக்கு அதுதான் நவீனம். இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. மாற்றியெடுக்க வழி உண்டு, ஆனால் ஃபிளாப்பியைப் படிக்கும் டிரைவுக்கு எங்கே போவது?

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருஷமும் மாதமும் சேர்த்தே எழுதியிருப்பார். அந்த நோட்டுகள் 1846-இல் வெளியே வந்தன. எண்பத்தைந்து வருஷம் யாரும் கவனிக்காமல் கிடந்தும், எடுத்துப் புரட்டினவர்களால் படிக்க முடிந்தது. என் ஃபிளாப்பி அதில் கால்வாசிக் காலம்கூடத் தாங்கவில்லை.

தமிழில் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு சிறிய சோதனை சொல்கிறேன். புதிதாக எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் முதல் நிகழ்ச்சியாக ‘ஸ்ரீரங்கத்தில் கௌரி பெரியம்மா வீட்டுக் கொலு’ என்று போடுங்கள். திரையில் எல்லாம் நன்றாகத்தான் வரும். பிறகு அதை பிடிஎஃப்-ஆக எடுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, கௌ மூன்று துண்டாகிவிட்டதா, ஸ்ரீ சிதறியதா என்று பாருங்கள். பாதி அங்கேயே தோற்றுவிடும். ‘திருச்சிராப்பள்ளி’ என்ற பெயர் அதன் சிறிய பெட்டிக்குள் அடங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் காலண்டர் எதிலும் இல்லை. கிராம்ப்ஸில் இஸ்லாமிய, யூத, பாரசீகக் காலண்டர்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர்கூட இருக்கிறது. சித்திரை, வைகாசி இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘நிகழும் துந்துபி வருஷம் ஆவணி மாதம்’ என்று இருந்தால் அது 1982 என்று நாம்தான் மாற்ற வேண்டும். அறுபது வருஷச் சுற்று என்பதால் 1922-உம் துந்துபிதான். தாது வருஷத்தில் தாத்தாவின் தாத்தா இறந்தார் என்று பேச்சு வந்தால் அது 1876 பஞ்சமா, 1936-ஆ என்று தலைமுறையை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு கட்ட முடியும். பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் முந்தின நாள் கிழமை, நகராட்சிச் சான்றிதழில் மறுநாள் தேதி. இரண்டும் சரி. என் கணக்கில் இத்தோடு பள்ளிக்கூடத் தேதியும் சேர்ந்து மூன்று. ஒரு ஆளுக்கு ஒரு பிறந்த தேதிதான் என்று அடம்பிடிக்கிற சாஃப்ட்வேரோடு எனக்கு ஒத்துவராது.

ஜாதகம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாழ்க்கையைக் காலக்கோடாகப் போடுவது நமக்குப் புதிதே அல்ல. சுக்கிர திசை 20 வருஷம், சனி திசை 19, ராகு 18 என்று எல்லாம் கூட்டினால் 120 வருஷத்துக்கு வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கர்ப்பச்செல் நீக்கி இருப்பு திசை இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று நாள் சுத்தமாக இருக்கும். நடக்கப்போவதற்கு அவ்வளவு துல்லியம். நடந்து முடிந்ததற்கு ‘புயலுக்கு மறு வருஷம்’.

சாஃப்ட்வேரை விட்டு ஆதாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நேரம் போனதெல்லாம் இதில்தான். போட்டோக்களை நம்பாதீர்கள். டிஜிட்டல் படத்துக்குள் எடுத்த தேதி பதிவாகியிருக்கும் என்பது சரி. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். பழைய படத்தை ஸ்கேன் செய்தால் ஸ்கேன் செய்த தேதி உட்கார்ந்துவிடும். என் போன் கணக்குப்படி தாத்தா கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும் படம் 2019-இல் எடுத்தது.

நம்பத்தக்கவை வேறு இருக்கின்றன. எஸ்எஸ்எல்சி புத்தகம், டிசி, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பாஸ்புக். எல்லாவற்றுக்கும் மேலே பரணில் ஏறுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டிக் கொடுக்கும் வழக்கத்துக்கு நான் கோயில் கட்டுவேன். குடம், தாம்பாளம், டிபன் கேரியர், எதைத் திருப்பினாலும் யார் கொடுத்தது, எந்த விசேஷம், என்ன தேதி. அழியாது, யாரும் திருத்தவும் முடியாது. சின்ன அத்தை கல்யாணம் எந்த வருஷம் என்று எங்கள் வீட்டில் ஒரு தீபாவளி முழுக்க விவாதம் நடந்தது. ஒரு தூக்குவாளியின் அடிப்பக்கம் அதை முடித்து வைத்தது. கல்யாணப் பத்திரிகையும் நல்ல சாட்சிதான், ஆனால் அதை யாரும் வைத்துக்கொள்வதில்லை. தூக்குவாளியை யாரும் எறிவதில்லை.

ஆக, கடைசியில் நான் எங்கே வந்து நிற்கிறேன்? ஒரு சாதாரண ஷீட். தொடக்கத்துக்கு வருஷம், மாதம், நாள் மூன்று கட்டம். முடிவுக்கும் அதேபோல் மூன்று. குடியிருந்த வீடு, பார்த்த வேலை, நோய் எல்லாம் ஒரு நாளில் முடிகிற சங்கதி இல்லையே. பிறகு ஊர், சம்பந்தப்பட்டவர்கள், என்ன நடந்தது. அதற்கடுத்து இரண்டு கட்டம்: எவ்வளவு நிச்சயம், எதை வைத்துச் சொல்கிறேன். ‘தூக்குவாளி’ என்று எழுதியிருந்தால் நிச்சயம். ‘அம்மா’ என்று எழுதியிருந்தால் அநேகமாக நிச்சயம். ‘நான்’ என்று எழுதியிருந்தால் இன்னொரு சாட்சி தேவை. இந்த ஷீட்தான் மூலம், என் கணினியில் இருக்கிறது, மகளிடம் ஒரு பிரதி. யாருக்காவது காட்டத் தோன்றினால் அதிலிருந்து இருபது வரியை எடுத்து வேறொரு ஷீட்டில் வைத்து டைம்லைன்ஜேஎஸ்-இல் போடுவேன். நாளைக்கு அது மூடிக்கொண்டு போனாலும் எனக்கு நஷ்டமில்லை, அடுத்ததில் ஊற்றிக்கொள்ளலாம்.

அக்கா கணினிப் பக்கமே வரமாட்டாள். அவளுக்காக ஷீட்டை ஏ3 தாளில் பிரின்ட் எடுத்து கூரியரில் அனுப்பினேன். சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பியிருக்கிறாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரி, ஏற்றிவிட்டேன். மன்னார்குடி வீட்டு வரிக்குப் பக்கத்தில் மட்டும், “வைகாசிதான். மாவுக்கட்டு ஒனக்கு இல்லை, எனக்கு” என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அம்மாவிடம் கேட்டால், “ஒங்க ரெண்டு பேருக்குமே ஒடைஞ்சுது, வேற வேற வருஷம்” என்கிறார். வரி இப்போது இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே ‘சந்தேகம்’ என்ற குறியோடு உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்போட்ட வைத்தியர் வீட்டில் பழைய நோட்டுப் புத்தகம் ஏதாவது இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.